காற்றாலையை நிறுத்தியவள்

பூவைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. அது பிறவிக் கோளாறு. திண்டுக்கல்லில் அப்பா பூக்கடை வைத்திருந்தார். பத்தாவது முடித்ததும் (முடித்தேன் என்பது ஒரு மரியாதைக்கு, ஃபெயில்) நானும் அங்கேதான் உட்கார்ந்து கட்டினேன். கடைச் சுவரில் ஒரு ஹாலந்து காலண்டர். காற்றாலை, அதன் காலடியில் வரிவரியாக டூலிப். வருஷம் முடிந்தும் அப்பா அதைக் கழற்றவில்லை. "ஒரு தடவை இந்தப் பூவைக் கட்டிப் பாக்கணும்மா" என்பார்.

கல்யாணமாகி நியூஜெர்சி வந்த இரண்டாம் வருஷம், ஜனவரியில், அப்பா போய்விட்டார். விசா சிக்கல். முகத்தைப் போனில்தான் பார்த்தேன். அவர் படத்துக்கு ஒரு டூலிப் மாலையாவது என் கையால் போட வேண்டும் என்று ஏப்ரலுக்காகக் காத்திருந்தேன்.

ஒரு மணி நேரம் காரில் போனால் ஒரு டூலிப் பண்ணை. நாமே பறித்துக்கொள்ளலாம். நடுவில் காற்றாலை சுற்றுகிறது. ஃப்ளைட் ஏறாமல் ஹாலந்து கிடைத்தால் விடுவார்களா? நம் ஜனம் நிறைந்த எங்கள் எடிசனில் பாதி ஊர் பட்டுப்புடவையில் வந்து போட்டோவுக்கு நின்றது. என் வீட்டுக்காரர் சரவணன், "நான் பார்க் பண்ணிட்டு வர்றவரைக்கும் எதையும் தொடாத" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

தொட்டேன். டூலிப்பை நீளக் காம்போடு பறிக்க வேண்டுமாம். மாலைக்குக் காம்பு எதற்கு? கழுத்தில் நகத்தால் ஒரு கிள்ளு, துப்பட்டாவில் ஒரு போடு. பத்து நிமிஷத்தில் ஒரு வரிசையே பழனியில் மொட்டை போட்டது மாதிரி ஆகிவிட்டது. அந்த வரிசைக்கு முன்னால் மோதிரத்தோடு முட்டி போட்டிருந்த ஒரு பையன், மோதிரத்தை மறந்து என்னையே பார்த்தான்.

பண்ணையில் வேலை செய்யும் பெண் ஓடி வந்தாள். இத்தனை தலையும் யாருக்கு என்று கேட்டாள். "ஃபாதர்" என்றேன். அவர் எங்கே என்றாள். நம்மூர் வழக்கப்படி மேலே கை காட்டினேன்.

என் விரலுக்கு நேராகக் காற்றாலை.

அவள் முகம் வெளுத்தது. "ஹீ இஸ் அப் தேர்?"

"யெஸ், யெஸ். ஃப்ரம் ஜனவரி."

வாக்கி டாக்கியில் என்னவோ கத்தினாள். காற்றாலை கிறீச்சிட்டு நின்றது. இரண்டு பேர் ஏணியோடு ஓடினார்கள். கூட்டத்தைப் பின்னால் தள்ளினார்கள். ஒரு ஆன்ட்டி என்னிடமே வந்து, "யாரோ பெரியவர் மேல ஏறிட்டாராம். வயசான காலத்துல எதுக்கு இந்த வேலை?" என்றார். நானும் பாவம் என்று உச்சுக்கொட்டினேன்.

மூச்சிரைக்க வந்த சரவணன் அந்தப் பெண்ணிடம் பேசிவிட்டு என் பக்கம் திரும்பினார். "உங்கப்பாவத்தான்டி தேடுறாங்க."

மொட்டைக் காம்புகளுக்கு நடுவே உட்கார்ந்து சிரித்தேன். ஜனவரிக்கு அப்புறம் அதுதான் முதல் சிரிப்பு. அது எப்போது அழுகையானது என்று தெரியாது. அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

டூலிப் கட்டுக்கு நிற்கவில்லை. ஊசியில் கோத்தேன். முட்டைக்கோஸ் மாலை மாதிரி வந்தது, அப்பா முகமே தெரியவில்லை. வீடியோ காலில் அம்மாவிடம் காட்டி, நடந்ததைச் சொன்னேன். தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அம்மா குலுங்கிச் சிரித்தாள்.

இப்போதெல்லாம் திண்டுக்கல்லில் கரண்ட் போய் ஃபேன் நின்றால், அம்மா அண்ணாந்து பார்த்துச் சொல்கிறாளாம்: "போதும், இறங்குங்க. வேர்க்குது."