பல் டாக்டருக்கு நான் போட்ட மலைப்பாதை

உலகத்தில் எனக்கு ஆகாதவர் ஒரே ஒருவர்தான். பல் டாக்டர். அவர் என் பல் எதையும் பிடுங்கியதில்லை. பிடுங்கியதெல்லாம் என் ஞாயிற்றுக்கிழமைகளை.

விஷயம் இதுதான். என் மனைவி ஒரு சைக்கிள் கூட்டத்தில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. ஞாயிறு விடிந்ததும் பன்னிரண்டு பேர் கிளம்புவார்கள். ஆற்றை ஒட்டிய சாலையில் பள்ளத்தாக்குக்குள் நுழைந்து, மலையடிவாரத்து ஊர்களை எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி, மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்புவார்கள். அறுபது கிலோமீட்டர். அந்த நேரத்தில் நான் சோபாவில் படுத்து பேப்பர் படிப்பேன். பேப்பர் முகத்தில் விழுந்ததும் படிப்பது நிற்கும். இப்படி இரண்டு பேருக்கும் சௌகரியமாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஆனால் வீடு திரும்பியதும் ஷூவைக் கழற்றும்போதே அவள் ஆரம்பித்துவிடுவாள்.

“இன்னிக்கு டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா?”

“என்னவாம்?”

“மேடு ஏறுறதுல என்னை அடிச்சுக்க ஆளே இல்லையாம்.”

“நம்ம வீடு மூணாவது மாடி. தினமும்தான் ஏறுற. நான் ஏதாவது குறை சொல்லியிருக்கேனா?”

“பாராட்டலையே.”

“சரி, வேற என்ன சொன்னார்?”

“சொல்றதை விடுங்க. எதிர்க்காத்து அடிச்சா அவரே முன்னால போய் காத்தைத் தடுத்துடுறார். நான் அவர் முதுகுக்குப் பின்னாலயே வந்துடுவேன். அலுப்பே தெரியாது.”

“எவ்வளவு பின்னால?”

“ஒரு அடி இருக்கும்.”

ஒரு அடி! எங்கள் வீட்டு சோபாவில்கூட எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒன்றரை அடி இருக்கும். அதிலும் துவைத்த துணி கிடக்கும்.

பொறாமையா என்று கேட்பீர்கள். பொறாமைதான். வயிறு எரிந்தது. போதாக்குறைக்கு அவள் போனில், கூட்டத்தில் ஒவ்வொருவரும் ஓட்டிய வழியெல்லாம் வரைபடத்தில் கோடாகப் பதிவாகும். அவள் கோடு சிவப்பு. டாக்டர் கோடு நீலம். எந்த வளைவிலும் ஒன்றை விட்டு ஒன்று நகரவில்லை. நான் நில அளவை அலுவலகத்தில் இருபது வருஷமாக வரைபடம் வரைகிறவன். இரண்டு கோடு அவ்வளவு நெருக்கமாக ஓடினால் ஒன்று ஆறு, மற்றது கரை என்றுதான் எங்களுக்கு அர்த்தம். என் மனைவி ஆறு என்றால் கரை யார்? நானல்லவா இருக்க வேண்டும்!

அந்தக் கோடுகளை எப்படிப் பிரிப்பது என்று அலுவலகத்தில் உட்கார்ந்து யோசித்தேன். அங்கே யோசிக்க நேரம் நிறைய உண்டு. வெள்ளிக்கிழமை வழி தானாகவே வந்து மடியில் விழுந்தது.

“இந்த வாரம் வழி போடுறது என் முறைங்க,” என்றாள் மனைவி. “மேப்பைப் பார்த்தா ஒண்ணுமே புரிய மாட்டேங்குது.”

அவள் பள்ளிக்கூடத்தில் பூகோள டீச்சர். அந்த இடத்திலேயே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். விழிக்கவில்லை.

“நான் போட்டுத் தரேன்.”

“ஐயோ, உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?”

“இதுல என்னம்மா சிரமம்? இந்த ஞாயித்துக்கிழமை நானும் வரேன்.”

“நீங்களா! சைக்கிள்?”

“உன் தம்பிகிட்ட ஒண்ணு சும்மாதானே நிக்குது?”

மச்சினன் அரை மணி நேரத்தில் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினான். துடைத்து, எண்ணெய் போட்டு, சீட்டை என் உயரத்துக்கே ஏற்றி வைத்திருந்தான். பொறுப்பான பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை முழுக்க வரைபடத்தோடு உட்கார்ந்தேன். என் திட்டம் சுலபம். ஊரிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டரில் ஆற்றுப் பாலம். அங்கே சாலை இரண்டாகப் பிரியும். வலது பக்கம் ஆற்றங்கரையோடு போகும் குறுவழி. மேஜை மாதிரி மட்டமான சாலை, ரெண்டு பக்கமும் மர நிழல். அது எனக்கும் என் மனைவிக்கும், வருகிறவர்கள் வரட்டும். இடது பக்கம் மலையடிவாரம். அது நெடுவழி. ‘நன்றாக ஓட்டிப் பழகியவர்களுக்கு மட்டும்’ என்று கொட்டை எழுத்தில் போட்டேன். அப்படிப் போட்டால் டாக்டர் அதை விட மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

அந்த நெடுவழியை நான் வரைந்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வரைபடத்தில் மலை செங்குத்தாக இருக்கும் இடத்தில் உயரக்கோடுகள் நெருங்கி வரும். எங்கெல்லாம் கோடுகள் சீப்புப் பல் மாதிரி நெருங்கினவோ, அங்கெல்லாம் டாக்டரை அனுப்பினேன். ஒரு மேடு ஏறி, இறங்கி, அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் அடுத்த மேடு. மொத்தம் ஐந்து. நான்கோடு நிறுத்தியிருக்கலாம். அவர் பாராட்டு ஞாபகம் வந்தது, ஐந்தாவதைச் சேர்த்தேன். என் இருபது வருஷ உத்தியோகத்தில் இவ்வளவு ஆசையாக ஒரு கோடு போட்டதில்லை.

“இவ்வளவு மேடு இருக்கேங்க,” என்றாள் மனைவி எட்டிப் பார்த்து.

“பழகினவங்களுக்கு இதெல்லாம் ஒரு மேடா?”

“நீங்க சொன்னா சரிதான்,” என்றாள். கல்யாணமாகி அந்த வாக்கியத்தை அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். அதற்கும் விழிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. பாலம் வரைக்கும் எப்படியோ வந்து சேர்ந்தேன். டாக்டர் ஒல்லியாக, உயரமாக, வெயிலில் பல் மின்னச் சிரித்தார். “நெடுவழி எனக்கு!” என்று கையைத் தூக்கினார். வேறு யாரும் தூக்கவில்லை. என் மனசுக்குள் மேளம் கொட்டியது. சைக்கிளை வலது பக்கம் திருப்பினேன்.

“எங்கே போறீங்க?” என்றாள் மனைவி.

“நம்ம வழியில.”

“மலைப்பக்கம் யாரையும் தனியா அனுப்புறதில்லைங்க. வழி போட்டவர் கூடப் போகணும். நம்ம கூட்டத்து வழக்கம் அது.”

“நீ சொல்லவே இல்லையே!”

“நீங்க கேக்கவே இல்லையே.”

பதினோரு பேர் கைதட்டினார்கள். பன்னிரண்டாவது ஆளான என் மனைவி என் தலைக்கவசத்தின் வாரைக் கழுத்தடியில் இழுத்து மாட்டிவிட்டு, “ஜாக்கிரதை,” என்றாள். பிறகு ஆற்றங்கரை நிழலில் போய் மறைந்தாள்.

முதல் மேட்டிலேயே எனக்கு என் வேலையின் அருமை தெரிந்தது. காகிதத்தில் அரை அங்குலம் இருந்த மலை, நேரில் முடியவே இல்லை. டாக்டர் என் பக்கத்திலேயே வந்தார். பேசிக்கொண்டே வந்தார்.

“எப்படி சார் இப்படி ஒரு வழி தோணிச்சு? ஒரு மேட்டைக்கூட விடலையே!”

“ஹா...”

“எனக்குன்னே யோசிச்சுப் போட்ட மாதிரி இருக்கு சார்!”

“ஹா...”

“ஒரு தடவை என்ன ஆச்சுன்னா, ஒருத்தர் கடவாய்ப் பல்லைப் பிடிச்சுக்கிட்டு வந்தார்...”

மேட்டுக்கு ஒரு கதை. ஒவ்வொரு கதையிலும் ஒரு பல். இரண்டாவது மேட்டில் சொத்தை, மூன்றாவதில் ஈறு. அப்புறம்தான் எனக்கு விளங்கியது. அவரிடம் வருகிறவர்கள் எல்லாரும் வாயைத் திறந்துகொண்டு கிடப்பவர்கள். பதிலுக்குக் காத்திருக்கும் பழக்கமே அவருக்கு இல்லை. நானும் வாயைத் திறந்துகொண்டுதான் ஏறினேன். மூச்சு வேறு வழியாக வர மறுத்தது. அவருக்குப் பரம சந்தோஷம்.

“சார், அப்படியே இருங்க,” என்று குனிந்து பார்த்தார் நான்காவது மேட்டில். “வலது பக்கம் கீழே கடைசிப் பல். ஒரு நாள் வந்து காட்டுங்க.”

இறக்கத்தில் கொஞ்சம் மூச்சு வந்தது. கேட்டே விடுவது என்று முடிவு செய்தேன்.

“என் மனைவி... உங்ககிட்ட... நிறையப் பேசுவாளோ?”

“அவங்களா? ரொம்ப அமைதி சார். ஆறு மாசத்துல பத்து வார்த்தை பேசியிருப்பாங்க.”

என் மனைவியா! சைக்கிள் கீழே சாயப் பார்த்தது.

“ஆனா உங்களைப் பத்தி மட்டும் போன மாசம் சொன்னாங்க. நீங்க ரொம்பப் பொறுமையாக் கேப்பீங்களாம். எவ்வளவு நேரம் பேசினாலும் குறுக்கே பேச மாட்டீங்களாம். அப்பலேர்ந்தே உங்களைப் பார்க்கணும்னு ஆசை சார்.”

ஐந்தாவது மேட்டில் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் ஏறினேன். அவரும் மரியாதைக்கு இறங்கி, கூடவே நடந்தார். நடந்தால் இன்னும் நன்றாகப் பேச வருகிறது அவருக்கு.

வீடு வந்தபோது மணி நாலு. மனைவி குளித்து, சாப்பிட்டு, சோபாவில் என் இடத்தில் என் பேப்பரோடு படுத்திருந்தாள்.

“எல்லாம் நீ பண்ணின வேலையா?” என்றேன் வாசற்படியிலேயே உட்கார்ந்து.

“எது?”

“பாராட்டினார், காத்தைத் தடுத்தார்னு வாராவாரம் சொன்னியே!”

“தடுத்தாருங்க, பொய்யில்லை. காத்தைத் தடுத்தார். அவர் பேச்சை யார் தடுக்கிறது? அறுபது கிலோமீட்டரும் பல்லு. முன்னால போனா முன்னால வர்றார், பின்னால போனா பின்னால வர்றார். ஆறு மாசம் தாங்கினேன். வேற யார் தலையிலயாவது கட்டலாம்னா, கூட்டத்துல எல்லாருக்கும் அவரைத் தெரியும்.”

“அதனால என்னைக் கட்டிவிட்டே.”

“வாங்கன்னு கூப்பிட்டா வந்திருப்பீங்களா? இந்த வாரம் வந்துடுவீங்கன்னு தெரிஞ்சுதான் தம்பிகிட்ட செவ்வாய்க்கிழமையே சைக்கிளுக்குச் சொல்லி வச்சேன்.” பேப்பரை மடித்தாள். “இன்னிக்குத்தாங்க முதல் தடவையா ஆத்துச் சத்தம் கேட்டேன். தண்ணி கல்லுல மோதுற சத்தம், மரத்துல குருவி... அடடா!”

எனக்கு மறுபடியும் வயிறு எரிந்தது. ஆனால் இந்தத் தடவை டாக்டரை நினைத்து இல்லை. அவள் காதுகளை நினைத்து.

“சரி, அடுத்த வாரம் வேற யாரையாவது அவரோட போடு.”

“முடியாதுங்க. மலைப்பக்கம் ஒரு தடவை ஜோடி சேர்ந்துட்டா, சீசன் முடியிற வரைக்கும் மாத்த மாட்டாங்க. அதுவும் வழக்கம்.”

“சீசன் எப்ப முடியும்?”

“அதை டாக்டர்கிட்டயே கேளுங்க,” என்றாள். “அவர் பதில் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அடுத்த சீசன் வந்துடும்.”