மேடையில் சித்தப்பாவுக்கு ஒரு நாற்காலி

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய சகலை அவர்களுக்கு,

இங்கே நானும் என் மனைவியும் நலம். அங்கே நீங்கள் நலமா என்று முறைப்படி கேட்க வேண்டும், கேட்கப் போவதில்லை. போன வாரம் உங்களுக்குத் தும்மல் வந்தது, இரண்டே நாளில் சரியாகிவிட்டது, புதுச் சட்டை உங்களுக்கு எடுப்பாக இருக்கிறது, எல்லாம் எனக்குத் தெரியும். என் மகள் சாப்பாட்டு மேசையில் உங்களைத் தவிர வேறு செய்தி வாசிப்பதில்லை. உங்கள் வீட்டம்மாவுக்கு என் அன்பு. அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நாலு தெரு தள்ளி இருக்கிற உங்களிடம் நேரில் வந்தே பேசலாம். ஆனால் நேரில் வந்தால் நீங்கள் சிரித்த முகத்தோடு நாற்காலியை இழுத்துப் போட்டு "வாங்க அண்ணே" என்பீர்கள், என் கோபம் போய்விடும். கோபம் போகக் கூடாது என்பதால் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். நாம் பிழைக்க வந்த இந்த நாட்டில், என் மகள் படிக்கும் அரசு மேல்நிலைப் பள்ளியில் கடைசி வருடப் பிள்ளைகளுக்கு 'நன்றி மாலை' என்று ஒரு சாயங்கால விழா நடத்துகிறார்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒரே ஒரு பெரியவரை மேடைக்குக் கூப்பிட்டு, நாற்காலியில் உட்கார வைத்து, இவரால்தான் நான் இன்றைக்கு இப்படி நிற்கிறேன் என்று இரண்டு வார்த்தை பேச வேண்டும். போன திங்கட்கிழமை என் மகள் வாயில் சோற்றை வைத்துக்கொண்டே, "நான் சித்தப்பா பேரக் குடுத்துட்டேன்" என்றாள். அதைத் தண்ணீர் கேட்பது போலச் சொன்னாள். நான் சிரித்தேன். "ஏங்க, பல்லு வலிக்குதா?" என்று என் மனைவி கேட்டாள். இவளுடைய தங்கையைக் கட்டியதைத் தவிர நீங்கள் இந்தக் குடும்பத்துக்காக அப்படி என்ன கிழித்துவிட்டீர்கள் என்று அன்றைக்கு இரவு படுக்கையில் புரண்டு புரண்டு யோசித்தேன். வீட்டிலிருந்தபடியே இன்சூரன்ஸ் விற்கிறீர்கள், நேரம் கிடைக்கிறது, நாடக ஒத்திகை முடிந்ததும் அவளைக் காரில் கூட்டிக்கொண்டு வருகிறீர்கள். அவ்வளவுதானே? எனக்கும் கார் இருக்கிறது. என் காரின் கூரையில் போர்டே இருக்கிறது, 'ஓட்டுநர் பயிற்சி' என்று. பள்ளி விடுகிற நேரம்தான் எனக்குப் பிழைப்பு நேரம். அவள் உங்கள் காரில் ஏறும்போது நான் அவளோடு படிக்கிறவர்களுக்கு கிளட்ச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அதிலும் வயிற்றெரிச்சல் என்ன தெரியுமா? அவளுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தது நீங்கள். இந்தப் புறநகரில் பாதிப் பிள்ளைகள் என்னிடம் கற்றவர்கள். என் சொந்த மகள் ஒரு இன்சூரன்ஸ்காரரிடம் கற்றுக்கொண்டாள். ஏம்மா என்று கேட்டதற்கு, "உங்க பக்கம் ஒரு பிரேக் இருக்குப்பா. நான் மிதிக்கிறதுக்கு முன்னாடி நீங்க மிதிச்சிடுவீங்க" என்றாள். பயிற்சிக் கார் என்றால் இரண்டு பிரேக் இருக்கத்தான் செய்யும். அதற்கு நான் என்ன செய்ய?

பெயரை மாற்றிக் கொடுக்க இன்னும் ஒரு வாரம் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். ஒரு வாரத்தில் உங்களை மிஞ்சிவிடுவது என்று தீர்மானித்தேன். முதலில் சாப்பிட்ட தட்டுகளை நானே கழுவினேன். அவள் கவனிக்கவில்லை, அவளுடைய அம்மாதான் கவனித்தாள். அடுத்து அவளுடைய படிப்பில் அக்கறை காட்டுவோம் என்று, என்னிடம் வண்டி பழக வந்த ஒரு மாணவியிடம் பயாலஜிப் புத்தகம் இரவல் வாங்கி, இரவெல்லாம் உருப்போட்டு, காலையில் அவள் ஷூ மாட்டும்போது செல் பிரிதலைப் பற்றி ஆரம்பித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். முடித்ததும், "பயாலஜி போன வருஷம்ப்பா. இப்ப அட்வான்ஸ்டு கெமிஸ்ட்ரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அட்வான்ஸ்டு கெமிஸ்ட்ரி எனக்குத் தெரியாதா! அந்தப் பாடத்தில் எடுக்கும் மதிப்பெண்ணைக் கல்லூரியிலும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தவன் நான். அவள் எந்த வருடம் எதைப் படிக்கிறாள் என்பதுதான் கொஞ்சம் குழம்பிவிட்டது.

இந்த நிலைமையில் மருந்துக்கடைக்காரர் போன் செய்தார். அவருடைய மகள் என்னிடம் வண்டி பழகுகிறாள். "சார், எங்க பொண்ணு வீட்ல வாயே தொறக்க மாட்டேங்கறா. உங்க கார்ல மட்டும் ஓயாம பேசறாளாமே, அப்படி என்னதான் பேசறா?" என்றார். குரலே சரியில்லை. உண்மைதான், அவள் பேசுவாள்: யாரோடு யார் சண்டை, மாணவர் தேர்தலில் யார் ஓட்டை யார் பிரித்தது, எந்த டீச்சர் தாள் திருத்துவதற்குள் தூங்கிவிடுகிறார், எல்லாம். நான் ரோட்டைப் பார்த்தபடி 'உம்' கொட்டுவேன். மருந்துக்கடைக்காரரிடம் மிகப் பெருந்தன்மையாக, "இதுல போய் பொறாமைப்படலாமா சார்? பிள்ளைங்க வெளியில ஒருத்தர்கிட்ட பேசினா நல்லதுதானே, பெரிய மனசோட விட்டுடுங்க" என்று புத்தி சொன்னேன். போனை வைத்தபிறகு என் காதிலிருந்து புகை வந்தது.

வியாழக்கிழமை பள்ளியில் பெற்றோர் மாலை. பிள்ளையின் கால அட்டவணைப்படி பெற்றோர் வகுப்பு வகுப்பாகப் போய் உட்கார வேண்டும், மணி அடித்தால் அடுத்த அறைக்கு ஓட வேண்டும். மேசையும் நாற்காலியும் ஒன்றாய் ஒட்டியிருக்கிற அந்தச் சாமானுக்குள் என் வயிற்றை நுழைப்பதற்குள் புள்ளியியல் முடிந்துவிட்டது. வெளியே எடுப்பதற்குள் சமையல் வகுப்புக்கு வந்த வேறொரு கூட்டம் உள்ளே வந்துவிட்டது. அவர்களோடு உட்கார்ந்து அடுப்புப் பாதுகாப்பு பற்றி முழுசாகக் கேட்டேன். என் மகள் சமையல் பாடம் எடுக்கவே இல்லை. கடைசியில் மூச்சு வாங்க நாடக அரங்குக்குப் போய்ச் சேர்ந்து மகளின் பெயரைச் சொன்னதும், இந்தப் பருவம் புதிதாக வந்திருக்கிற நாடக ஆசிரியை முகம் மலர்ந்து, "ஓ! நீங்கதான் அந்தச் சித்தப்பாவா! உங்களப் பத்தித்தான் எப்பப் பார்த்தாலும் பேச்சு!" என்றார்.

சகலை, இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் அந்தம்மா பேசிக்கொண்டே போனார். நீங்கள் எவ்வளவு பொறுமைசாலியாம், எவ்வளவு தமாஷாம், காரில் நீங்கள் வசனம் கேட்டுத்தான் அவளுடைய கூச்சம் போனதாம். எனக்குத் தலை தானாக ஆடிவிட்டது. மேலும் கீழுமாக ஆடிவிட்டது. உடனே அவர், "அப்ப சொன்ன மாதிரி சனிக்கிழமை வந்து அந்தப் படிக்கட்ட செஞ்சு குடுத்துடுவீங்கல்ல?" என்றார். நீங்கள் நாடகத்துக்குப் படிக்கட்டு செய்து தருவதாகக் காரில் வாக்குக் கொடுத்திருந்தீர்களாமே. ஞாபகம் இருக்கிறதா? இல்லை அல்லவா? பரவாயில்லை. நான் செய்துவிட்டேன்.

அதைப் பற்றி மூன்றாம் மனிதர் சொல்லி உங்களுக்குத் தெரிவதைவிட நானே சொல்லிவிடுகிறேன். படிக்கட்டு பார்ப்பதற்கு நன்றாகவே வந்தது. தள்ளிக்கொண்டு போகச் சுலபமாக இருக்கட்டுமே என்று அடியில் சக்கரம் வைத்தேன். சக்கரத்துக்குப் பூட்டு வைக்க மறந்துவிட்டேன். ஆயுள் முழுக்க அடுத்தவன் காலுக்கு முன்னால் பிரேக் போட்டவன் நான், மறந்தேன். அன்று ஒத்திகையில், மந்திரி படியேறி வந்து அரசனைக் கண்டிக்க வேண்டிய காட்சியில், படியே மந்திரியை ஏற்றிக்கொண்டு அரசனைத் தாண்டிப் போய் திரைச்சீலைக்குள் நுழைந்துவிட்டது. யாருக்கும் அடி இல்லை. மந்திரியின் தாடி மட்டும் திரையோடு நின்றுவிட்டது. "பரவாயில்ல சித்தப்பா" என்று ஆசிரியை சொன்னார். ஆகையால் அந்தப் பள்ளியில் இப்போது படிக்கட்டு உங்கள் பெயரில்தான் இருக்கிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது படிக்கட்டைப் பற்றி இல்லை. அன்று காலை ஆசிரியை என்னைச் சித்தப்பா என்று கூப்பிட்டதும் மேலே ஏணியில் நின்று மேடை விளக்கு மாட்டிக்கொண்டிருந்த என் மகள் எட்டிப் பார்த்தாள். மாட்டிக்கொண்டேன் என்று சுத்தியலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "சித்தப்பா, சுத்தியல அப்பிடிப் பிடிச்சா வெரல் போயிடும்" என்றாள். பிறகு இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் பேசினாள், சகலை! நாள் முழுக்கப் பேசினாள். எந்த விளக்குக்கு எந்த வண்ணத் தாள் போட்டால் விடியற்காலை வரும், எதைப் போட்டால் முகம் பேயடித்தது போலாகும் என்று காட்டினாள். தன்னுடைய ரொட்டியில் பாதியைக் கொடுத்தாள். வருட ஆரம்பத்தில் தோழிகளோடு மனஸ்தாபமாகி, மதியச் சாப்பாட்டை நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் மேசையில் தனியாகவே சாப்பிட்டாளாம், ஒரு மாதம். எனக்கு அப்படி ஒரு மேசை இருப்பதே தெரியாது. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அட்வான்ஸ்டு கெமிஸ்ட்ரிய விடப்போறேன் சித்தப்பா. அதுக்குப் பதிலா மேடை விளக்குப் பாடம் எடுக்கறேன். பாடம் மாத்தித் தர்ற ஸ்கூல் கவுன்சிலர் சரின்னுட்டாங்க. இத அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, ஊரெல்லாம் பெருமையா சொல்லி வச்சிருக்காரு, தாங்க மாட்டாரு" என்றாள்.

என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள். "சொல்லமாட்டேம்மா" என்றேன். சொல்லவும் இல்லை. வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றியதும் அவள் மறுபடி மகளாகி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள், நான் மறுபடி அப்பாவாகிக் கூடத்தில் நின்றேன். கெமிஸ்ட்ரியை ஏன் விடுகிறாய் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்க முடியாது. எனக்குத்தான் அந்த விஷயம் தெரியாதே.

ஒரே ஒரு நாள் நீங்களாக இருந்து பார்த்தேன், சகலை. மிக நல்ல உத்தியோகம். இத்தனை நாள் இதை வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தீர்களே என்பதுதான் எனக்கு ஆற்றாமை. கெமிஸ்ட்ரி விஷயம் உங்களுக்கு எப்போதே தெரிந்திருக்கும். அந்தத் தனி மேசையும் தெரிந்திருக்கும். எனக்குப் பொறாமைதான், மறைக்கவில்லை. உங்கள் வீட்டைப் பார்த்தோ வருமானத்தைப் பார்த்தோ ஒரு நாளும் பொறாமைப்பட்டதில்லை, இப்போது படுகிறேன், உங்கள் காரின் முன் இருக்கையைப் பார்த்து.

ஆகவே மூத்தவன் என்ற முறையில் கேட்டுக்கொள்வது இதுதான். நன்றி மாலை அன்று உங்களுக்கு லேசாகக் காய்ச்சல் வர வேண்டும். காய்ச்சல் வேண்டாம் என்றால் வயிற்றுப்போக்கு, உங்கள் இஷ்டம். கடைசி நேரத்தில் நாற்காலி காலியாக இருந்தால் அவள் சுற்றுமுற்றும் பார்ப்பாள். முன்வரிசையில் நான் இஸ்திரி போட்ட சட்டையோடு இருப்பேன். மேலும் நீங்கள் மேடை ஏறினால், பிறகு அந்தப் படிக்கட்டைச் செய்த ஆள் யார் என்று நாடக ஆசிரியை கேட்பார். இருவர் மானமும் இதில் இருக்கிறது.

உங்கள் வீட்டில் எல்லாரும் நோய்நொடி இல்லாமல், குறைவில்லாமல் இருக்கட்டும். அந்த ஒரு மாலை நீங்கள் மட்டும் விதிவிலக்கு.

இப்படிக்கு,
உங்கள் நலத்தில் என்றும் அக்கறையுள்ள,
மூத்த சகலை

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது மகள் தண்ணீர் குடிக்க வந்தாள். "என்னப்பா எழுதறீங்க?" என்றாள். இன்சூரன்ஸ் விஷயம் என்றேன். மனசு கேட்காமல், "அந்த நாற்காலிக்கு அப்பா பேரக் குடுக்கணும்னு தோணவே இல்லையாம்மா?" என்று கேட்டுவிட்டேன். அவள் விழித்தாள். "பெத்தவங்க பேரக் குடுக்கக் கூடாதுப்பா. அதான் ரூலே. அப்பா அம்மாவுக்கு முன்வரிசை. போன வாரமே ஸ்கூல் ஆப்ல வந்துச்சே, அம்மா படிச்சாங்களே" என்றாள். என் மனைவியைப் பார்த்தேன். "நீங்க பாட்டுக்குத் தட்டெல்லாம் கழுவிட்டு இருந்தீங்க, எதுக்குக் கெடுப்பானேன்னு சொல்லல" என்றாள். எனக்கு உயிர் திரும்பி வந்தது. அத்தோடு வாயை மூடியிருக்கலாம். "சரி, அந்த ரூல் இல்லேன்னா யார் பேரக் குடுத்திருப்பே?" என்று கேட்டேன். "அம்மா" என்றாள். யோசிக்கவே இல்லை, சகலை. ஒரு நொடி யோசித்திருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

ஆகவே மேலே உங்களைப் பற்றி எழுதியது எல்லாவற்றையும் என் மனைவியைப் பற்றி எழுதியதாகப் படித்துக்கொள்ளுங்கள். அவளுக்கே எழுதியிருப்பேன், ஒரே வீட்டில் இருப்பதால் தைரியம் வரவில்லை. நீங்கள் காய்ச்சல் கீய்ச்சல் என்று படுத்துவிடாமல் அந்த மாலை கட்டாயம் வந்து மேடையில் உட்காருங்கள். பேசும்போது மகள் முன்வரிசையை ஒரு தரமாவது பார்ப்பாள். நானும் அவளுடைய அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருப்போம், எங்களில் யாரைப் பார்க்கிறாள் என்று மேலே இருக்கும் உங்களுக்குத்தான் சரியாகத் தெரியும். என்னை என்றால் அன்றைக்கே வந்து சொல்லுங்கள். அவளை என்றால் அவசரமே இல்லை, ஒரு வருடம் கழித்துச் சொன்னால் போதும்.