மலேசியாவில் படித்த மெல்லிய குரல்

அன்றைக்கு எனக்கு இருந்த வேலை ஒன்றுதான். மலேசியாவில் கற்று வந்த புது முறையில் அஸர் தொழுகைக்குப் பிறகு கராத்தே வகுப்பை நடத்த வேண்டும்.

பயிற்றுநர்களுக்கான பத்து நாள் பயணம் அது. அங்கே ஒரு தமிழ் மாஸ்டர் ஐம்பது பிள்ளைகளைச் சத்தமே போடாமல் ஆட்டி வைத்தார். "நாம குரலைத் தாழ்த்தினா பிள்ளைங்க தானா காதைத் தீட்டும்" என்றார்.

எனக்கு வெட்கமாகிப் போனது. மனைவி மௌத்தான பிறகு வீட்டில் கதைக்க ஆளில்லை. அன்றைய கதை முழுவதையும் வகுப்பில்தான் கத்தித் தீர்ப்பேன். நான் "கிறுகு" என்றால், பிள்ளைகள் மட்டுமல்ல, மருதமுனை வீதியில் போகிற சைக்கிளும் திரும்பும்.

முதல் நாள் மெதுவாகச் சொன்னேன். பிள்ளைகள் உண்மையாகவே அமைதியானார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வாசலில் நின்ற தாய்மார்தான் அமைதியாகவில்லை.

"மாஸ்டர், தொண்டையில என்ன?"

"ஒண்டுமில்ல. இது புது முறை."

"ஓம் ஓம்" என்றார்கள். நோயாளிக்குச் சொல்கிற ஓம் அது.

இரண்டாம் நாள் ஒரு போத்தல் கொத்தமல்லித் தண்ணி வந்தது. மூன்றாம் நாள் நாலு பிள்ளைகள் வரவில்லை. "மாஸ்டருக்கு ஏலாதாம், சுகமானதுக்குப் பொறகு அனுப்புவம்" என்று வீடுகளில் கதையாம். இப்படியே போனால் புது முறை மிஞ்சும், வகுப்பு மிஞ்சாது.

நாலாம் நாள் கைத்தறிக் கடை நஸீர் காக்கா நேராக வகுப்புக்குள் வந்தார். அவருடைய மகள் முன்வரிசையில் நிற்கிறாள்.

"மாஸ்டர், மனசில வச்சி அழுத்தாதீங்க. எல்லாருக்கும் விளங்கிட்டு."

"என்ன விளங்கிட்டு?" அதையும் மெதுவாகத்தான் கேட்டேன்.

"தனிமைதான். நிந்தவூரில ஒரு நல்ல இடம் பாத்திரிக்கன். வெள்ளிக்கிழமை அவங்கட ஆக்கள் ஒங்களப் பாக்க வருவாங்க."

"வேணாம் காக்கா."

"பாருங்க, குரல்ல உசிர் இரிக்கா? வெக்கப்படாதீங்க. இப்பயே கதைக்கன்."

சொல்லிக்கொண்டே போனைக் காதில் வைத்துவிட்டார்.

"வேணாம் எண்டு சொன்னா வேணாம்" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

இருபது பிள்ளைகளும் ஒரே நொடியில் கால் சேர்த்து விறைத்து நின்றார்கள். நஸீர் காக்காவும் சேர்ந்து நின்றார்.

வாசலில் ஒரு தாய் யாருக்கோ போனில் சொல்வது கேட்டது. "மாஸ்டருக்குச் சுகமாகிட்டு. நாளைக்கு மகன அனுப்புங்க."

மறுநாள் இருபத்திநாலு பேரும் வந்தார்கள். வெள்ளிக்கிழமை நிந்தவூரிலிருந்து ஒருவரும் வரவில்லை.