கோபக்கார பாப்பாவின் உரிமையாளருக்கு

மதிப்பிற்குரிய 'கோபக்கார பாப்பா' சோப்பு முத்திரையின் பதிவுபெற்ற உரிமையாளர் அவர்களுக்கு,

அதாவது என் தங்கைக்கு, அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அண்ணி, மகள் மூவரும் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள் என்று ஒன்பது வருஷமாக நானாகவே நினைத்துக்கொண்டிருக்கிறேன்; கேட்டு எழுதத்தான் கை வரவில்லை. இப்போதும் ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். உடனே முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் முழுசாகப் படி.

உன் மருமகள் நல்ல வேலையை விட்டுவிட்டு, கூடப் படித்த பையன் ஒருவனோடு சேர்ந்து ஸ்டார்ட்அப் தொடங்கியிருக்கிறாள். துணி துவைக்கிற சோப்புத் திரவம். ஃபோனில் சொன்னால் போதுமாம், வீட்டு வாசலுக்கே வந்து காலி பாட்டிலை நிரப்பிக் கொடுப்பார்களாம். "தாத்தா சோப்பு போட்டார், நீ சோப்புத் தண்ணி ஊத்தப்போறே, அவ்வளவுதானே?" என்று கேட்டுவிட்டேன், ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. அத்தை குணம் அப்படியே! பேர் என்ன வைப்பது என்று இரண்டு பேரும் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, பழைய அலமாரித் தட்டில் விரித்திருந்த அப்பாவின் சோப்பு உறை அவள் கையில் கிடைத்தது. ஏழு வயசு நீ, இரட்டைச் சடை, முன்பல் ரெண்டும் இல்லை. ஸ்டுடியோக்காரர் ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிட்டார் என்று அவரைச் சுட்டெரிக்கிற மாதிரி முறைத்துக்கொண்டிருக்கிறாய். அப்பா அதையே அச்சடித்தார். ஜனங்களும் கடையில், "அந்தக் கோவக்கார பாப்பா சோப்பு ஒண்ணு குடுங்க" என்று கேட்டுக் கேட்டு அதுவே பேராகிவிட்டது. "அப்பா, இதான் எங்க பேரு, இதான் எங்க படம்" என்று குதித்தாள். "தாத்தாவோட போயிடுச்சும்மா அது, தாராளமா வெச்சுக்கோ" என்று நானும் வள்ளல் மாதிரி சொல்லிவிட்டேன்.

அவர்களுடைய வக்கீலம்மா, விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் அதே மாதிரி டிரேட் மார்க் வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று பதிவேட்டில் தேடியாக வேண்டும் என்றார். "சும்மாதானேப்பா இருக்கீங்க, நீங்க பாருங்களேன்" என்று கம்ப்யூட்டரை என் தலையில் கட்டினாள் மகள். உலகத்தில் விற்கிற அத்தனையையும் நாற்பத்தைந்து வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், சோப்பு மூன்றாம் வகை. நான் மூன்று நாள் கண் வலிக்க வலிக்கத் தேடிவிட்டு, "ஒருத்தனும் கிடையாது, மைதானம் காலி!" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்திருந்த வக்கீலம்மா எட்டிப் பார்த்தார். "சார், இது பதிமூணாம் வகை. துப்பாக்கி, வெடிமருந்து. கோவக்கார பாப்பாங்கிற பேர்ல யாரும் துப்பாக்கி விக்கலைன்னு கண்டுபிடிச்சிருக்கீங்க." உன் அண்ணி சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்த பால் பொங்கி வழிந்தது, அதற்கும் திட்டு எனக்குத்தான்.

சரியான வகைக்குப் போனால் வேலை இன்னும் கூடிவிட்டது. அதே பேர் மட்டும் பார்த்தால் போதாதாம். கேட்க ஒரே மாதிரி இருப்பது, அர்த்தம் ஒன்றாக இருப்பது, படம் ஒத்துப்போவது எல்லாம் பார்க்க வேண்டுமாம். அழுகிற பாப்பா, சிரிக்கிற பாப்பா, கோபக்கார மாமி என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனவன், குடை பிடித்த முயல் பல்பொடியைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். நீ பல் தேய்க்காமல் தின்றே தீர்ப்பாயே, அதேதான்! எதிரே 'கைவிடப்பட்டது' என்று போட்டிருந்தது. நம் வெள்ளைச் சட்டைகளையெல்லாம் ஊதாவாக்கிய சொட்டு நீலம் காலாவதி. கண் கலங்கிப்போச்சு தங்கச்சி. தேட வந்ததையே மறந்து, மனசால நம்ம பழைய வீட்டுப் பின்னறையில போய் உட்கார்ந்துட்டேன். அப்பா மரப்பெட்டியில சோப்பை ஊத்தி, ஆறினதும் கம்பியால அறுத்துப் போடுவார். நீயும் நானும் முறை வெச்சு அச்சுக்கட்டையால ஒவ்வொரு கட்டியிலயும் உன் முகத்தைக் குத்துவோம். உன் மூஞ்சியில நீயே ஓங்கி ஓங்கிக் குத்துவே, மூக்கு மட்டும் பள்ளமா விழும். நம்ம நோட்டை விரிச்சாலே சோப்பு நெடியில வாத்தியாருக்குத் தும்மல் வரும். எவ்வளவு சந்தோஷமா இருந்தோம்!

மறுநாள் காலையில்தான் அது வந்தது. அதே சடை, அதே முறைப்பு. எதிரே 'பதிவு நடப்பில் உள்ளது'. உரிமையாளர் என்ற இடத்தில் உன் பேர், உன் வீட்டு விலாசம். அப்பா காலமான பிறகு உன் பேருக்கு மாறி, பத்து வருஷத்துக்கு ஒரு தடவை விடாமல் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. கடைசியாகப் புதுப்பித்தது போன வருஷம். என்னோடு பேச்சை நிறுத்தி எட்டு வருஷம் ஆன பிறகும் மெனக்கெட்டு விண்ணப்பம் போட்டிருக்கிறாய்.

வக்கீலம்மா அலட்டிக்கொள்ளவில்லை. இத்தனை வருஷம் யாரும் இந்தப் பேரில் சோப்பு விற்கவில்லை, ஆகவே பதிவேட்டிலிருந்து எடுக்கச் சொல்லி மனு போடலாம் என்றார். "போட்டுடலாம் அங்கிள், சிம்பிள்" என்றான் மகளின் கூட்டாளி. "டேய், அது என் தங்கச்சி மூஞ்சிடா!" என்று நான் போட்ட சத்தத்தில் வக்கீலம்மா கையிலிருந்த பேனா விழுந்துவிட்டது. மனு இல்லையென்றால் ஒரே வழிதான், நீ சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டும். நீ போடாவிட்டால் மகள் வேறு பேர் பார்த்துக்கொள்ளட்டும். நான் உயிரோடு இருக்கிறவரை உனக்கு எதிராக மனு போட விடமாட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அப்பா வீட்டைக் காலி செய்தபோது அந்த அச்சுக்கட்டையை உன்னிடம் கேட்காமல் பழைய சாமான்காரரிடம் தூக்கிக் கொடுத்தேன். "என்னை ஒரு வார்த்தை கேட்டியா அண்ணா?"ன்னு நீ அழுதே. "ஒரு கட்டைக்கா இந்தக் கூத்து?"ன்னு நான் எரிஞ்சு விழுந்தேன். தப்பு என்னுதுதாம்மா. அப்பவே தெரியும், ஒத்துக்கத்தான் மனசு வரலை. மன்னிச்சுடு.

மாப்பிள்ளையை மிகவும் விசாரித்ததாகச் சொல். பிள்ளைகளுக்கு என் ஆசிகள், எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நல்லா இருங்க.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது மகள் உண்மையைச் சொல்லிவிட்டாள். நான் கத்திய அன்று சாயங்காலமே உனக்கு ஃபோன் போட்டாளாம். நீயும் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு, "உங்கப்பாகிட்ட மூச்சு விடாதே, தானா எழுதுறாரான்னு பாப்போம்" என்றாயாம். ஒரு வாரமாக நான் பேனாவைக் கடித்துக்கொண்டு தவித்ததை இரண்டு பேரும் வேடிக்கை பார்த்திருக்கிறீர்கள்! ஆகவே மேலே கேட்ட மன்னிப்பு ரத்து. வேண்டுமென்றால் நேரில் வந்து வாங்கிக்கொள். உன் அண்ணி இப்போதே முன்னறைக் கட்டிலுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருக்கிறாள்.