கத்தரிக்காய்ச் சட்டை

இந்த வீட்டில் இனி நான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் துணிமூட்டைகள் இருக்க வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவெடுத்தேன். முடிவை மனைவியிடம் அப்படியே சொல்லிவிடவில்லை. அவள் எதை வைத்துக்கொள்வாள் என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது.

தெருமுனைத் தையல்காரர் வெட்டி எறிகிற துண்டுத் துணிகளுக்கெல்லாம் எங்கள் வீடுதான் அடைக்கலம். கட்டிலுக்கடியில் துணி. சோபாவுக்குப் பின்னால் துணி. ஒருநாள் அவசரத்தில் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். கடை வரைக்கும் காதோரம் ஒரு பூப்போட்ட துணி தொங்கியிருக்கிறது. முதலாளி ஆறுதலாகத் தோளில் தட்டிக்கொடுத்தார்.

எல்லாம் எதற்கு? வெளியூரில் இருக்கும் எங்கள் மகளுக்குப் பிரசவ நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. வரப்போகும் பேரக்குழந்தைக்குத் துண்டுத் துணிகளை இணைத்து ஒரு போர்வை. நல்ல எண்ணம்தான். ஆனால் மனைவி தைத்ததைவிடப் பிரித்ததுதான் அதிகம். "எடுப்பா இல்லையே" என்பாள். பிரிப்பாள். இந்த வேகத்தில் போனால் போர்வை முடியும்போது பேரக்குழந்தை கல்யாண வயதில் இருக்கும்.

நானோ பெயின்ட் கடையில் கலர் கலந்து கொடுப்பவன். தெருவில் எனக்குப் பெயரே 'கலர்'தான். நான் சும்மா இருக்கலாமா?

"ஏம்மா, உனக்குக் கலர் சென்ஸே இல்லை."

"அப்படிங்களா?"

"சாம்பல், காப்பிப்பொடி, துவைச்சு வெளுத்த நீலம்! குழந்தை கண்ணைத் திறந்து இதைப் பார்த்துட்டு மறுபடி மூடிக்கும்."

"அப்ப நீங்களே ஒன்னு அடுக்கிக் காட்டுங்களேன்."

"காட்டறேன். நடுவுல ஒரு நட்சத்திரம், சுத்தி வேற கலர். நீயும் ஒன்னு அடுக்கு. எது நல்லா இருக்குன்னு பக்கத்து வீட்டம்மா சொல்லட்டும். நான் ஜெயிச்சா மூட்டையெல்லாம் வெளியே போகணும்."

"நான் ஜெயிச்சா?"

"என்ன வேணும்? கேளு."

"பெருசா ஒன்னும் வேண்டாங்க. நான் சொல்றதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டாப் போதும்."

காதைத்தானே கேட்கிறாள், கழுத்தைக் கேட்கவில்லையே என்று ஒப்புக்கொண்டேன்.

ஹால் தரையில் இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தோம். நான் கண்ணைப் பறிக்கும் சிவப்பில் நட்சத்திரம் வைத்தேன். சுற்றிலும் பச்சைப்பசேல். பக்கத்தில் நின்று பார்த்தேன். எனக்கே கண் கூசியது. மனைவி எட்டிப் பார்க்கக்கூட இல்லை. வெளுத்துப்போன பழைய படுக்கை விரிப்புத் துண்டுகளுக்கு நடுவே காப்பிப்பொடித் துணியை வைத்து ஏதோ பண்ணிக்கொண்டிருந்தாள். எனக்குப் பாவமாக இருந்தது. ஜெயித்த பிறகு ஒரு மூட்டையை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லலாம் என்று பெருந்தன்மையாக நினைத்தேன்.

பக்கத்து வீட்டம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். சாயங்காலம் வேலை முடிந்து வந்தவரை வாசலிலேயே நிறுத்தி, "அங்க நின்னே பாருங்க" என்றாள் மனைவி. ஒட்டுத் துணிக்கு ஓட்டுப் போட வந்தவரைப் பார்த்து நான் அரசியல்வாதி மாதிரி கும்பிட்டேன்.

"அக்காவோட நட்சத்திரம் அப்படியே எழுந்து நிக்குது!"

"என்னுது?"

அவர் கண்ணைச் சுருக்கினார். தலையைச் சாய்த்தார்.

"அண்ணா, நீங்க நட்சத்திரத்தை எப்ப வைக்கப் போறீங்க?"

மனைவி போனை எடுத்து, இரண்டையும் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துக் காட்டினாள். அவளுடையதில் நட்சத்திரம் பளிச்சென்று இருந்தது. என்னுடையதில் நட்சத்திரமும் இல்லை, வானமும் இல்லை. ப்ரைமர் அடித்த சுவர் மாதிரி ஒரே சாம்பல்.

"கலர் வேற வேறயா இருந்தா மட்டும் போதாதுங்க. ஒன்னு லைட்டா இருக்கணும், ஒன்னு டார்க்கா இருக்கணும். உங்க சிவப்பும் பச்சையும் ஒரே அழுத்தம். ஒன்னுக்குள்ள ஒன்னு ஒளிஞ்சுக்குது."

"சரி, உன் சாம்பல் துணி லைட்டா, டார்க்கா?"

"வெள்ளைக்குப் பக்கத்துல வெச்சா டார்க்கு. கறுப்புக்குப் பக்கத்துல வெச்சா லைட்டு."

"ஒரே துணி எப்படி ரெண்டா இருக்கும்?"

"நீங்க எங்க அண்ணன் பக்கத்துல நின்னா ஒல்லி. எங்க தம்பி பக்கத்துல நின்னா குண்டு. ஆள் ஒன்னுதானே?"

உதாரணத்துக்கு அவளுக்கு வேறு ஆளே கிடைக்கவில்லை. வெளிர் நிறத்தை வைத்தே என்னை வெளுத்து வாங்கிவிட்டாள்.

ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். விஷயம் எனக்குப் பிடித்துப்போயிற்று. கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் கலர் மங்கி, லைட்டும் டார்க்கும் மட்டும் தெரியும் என்று கற்றுக்கொடுத்தாள். அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் பாதிக் கண்தான். கடைக்கு வந்தவர், "கண்ணுல தூசிங்களா?" என்றார். நர்ஸம்மா கேட்காமலே சொட்டு மருந்து கொண்டுவந்து கொடுத்தார். வேலை முடிந்தால் நேராக வீடு. நானும் அவளும் தரையில் உட்கார்ந்து துணிகளை லைட்டு, நடுத்தரம், டார்க்கு என்று பிரித்துக் குவிப்போம். ஒரு துண்டுக்காகச் சண்டை போடுவோம். சிரிப்போம். சோறு ஆறிப்போகும். கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு பேசியிருக்க மாட்டோம்.

அப்போதுதான் சிக்கல் வந்தது. லைட்டு மலையாகக் குவிந்தது. நடுத்தரம் மேடாக இருந்தது. டார்க்கு ஒரு கைப்பிடிதான். அதுவும் நடு நட்சத்திரத்துக்கே சரியாகிவிட்டது. சுற்றியிருக்கும் நட்சத்திரங்களுக்குத் துணி இல்லை.

மனைவி பெருமூச்சு விட்டாள்.

"பரவாயில்லைங்க. இருக்கறதை வெச்சுத் தைச்சுடறேன். மங்கலாத்தான் இருக்கும். குழந்தைக்கு என்ன தெரியப்போகுது?"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கலர் வீட்டுப் பேரக்குழந்தைக்கு மங்கல் போர்வையா? பாதிக் கண்ணோடு வீட்டைச் சுற்றி வந்தேன். ஜன்னல் திரை, நடுத்தரம். மிதியடி, நடுத்தரம். பீரோவைத் திறந்தேன். அங்கே ஹேங்கரில் தொங்கியது நான் தேடிய டார்க்கு.

என் கத்தரிக்காய்க் கலர் சட்டை. பளபளவென்று, பெரிய காலர் வைத்தது. சொந்தக்காரர் வீட்டு விசேஷம் எதுவானாலும் அதைத்தான் போடுவேன். எல்லா ஆல்பத்திலும் முதலில் தெரிவது நான்தான். மனைவி எப்படியோ ஒவ்வொரு படத்திலும் வரிசையின் மறுகோடியில் நிற்பாள். ஆனால் அதைக் குறை சொன்னதே இல்லை. "எப்படி இருக்கு?" என்றால், "தூரத்துலேர்ந்தே தெரியுதுங்க" என்பாள்.

சட்டையைக் கொண்டுபோய் நீட்டினேன்.

"ஐயையோ, இது உங்க ஆசைச் சட்டை! வேண்டாங்க."

"இதைவிட டார்க்கு இந்தத் தெருவுலயே கிடையாது."

"என் கையால வெட்ட மாட்டேன். மனசு கேக்கலை."

"கொடு கத்தரியை!"

கத்தரிக்காய்ச் சட்டையை என் கையாலேயே கத்தரித்தேன். மனசு கேட்கவில்லை என்றவள், துணி நழுவாமல் இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"காலரையும் வெட்டிடுங்க."

"காலர் எதுக்கு?"

"அதை மட்டும் வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?"

கலரின் காலரும் போயிற்று.

போர்வை முடிந்ததும் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்துப் பார்த்தோம். நட்சத்திரம் ஒவ்வொன்றும் எகிறிக் குதித்தது. பார்சல் போய்ச் சேர்ந்த மறுநாள் பேத்தி பிறந்தாள். கொஞ்ச நாளில் மகள் வீடியோவில் கூப்பிட்டாள். குட்டி கைகாலை உதைத்துக்கொண்டு, போர்வையை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்பா, குட்டி அழுதா இதைத்தான் விரிச்சுக் காட்டறேன். உடனே நிறுத்திடறா. அந்த டார்க்குத் துணி எங்க கிடைச்சுது?"

"அதெல்லாம் அப்பாவோட கண்ணும்மா" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். பனியனில் காலர் இல்லை. அதனால் என்ன? கண் கலங்கியது. மனைவியும் முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் நர்ஸம்மா பேத்தியின் படம் பார்க்க வந்தார். டார்க்கு இல்லாமல் தவித்ததையும், நான் பாதிக் கண்ணால் சட்டையைக் கண்டுபிடித்ததையும் முதலிலிருந்து சொன்னேன். ரொம்ப அக்கறையாகக் கேட்டார். இரண்டு முறை "அப்படியா அண்ணா!" என்றார். கிளம்பும்போது குடையை மறந்துவிட்டார். எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். வாசல் கேட் அருகில் அவர் என் மனைவியிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டுக்கொண்டிருந்தார்:

"அக்கா, நீங்க எங்க வீட்டுல ஒளிச்சு வெச்ச டார்க்குத் துணி மூட்டையைத் திருப்பிக் கொடுத்துடட்டுமா, இல்லை அண்ணனோட அந்தக் கட்டம் போட்ட பேன்ட்டும் முடியட்டுமா?"