திரைக் காக்கா ஓட்டிய ஓடாத மோட்டார்

பினாங்கில் மோட்டார் ஓட்டத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர். ஓடாத மோட்டாரை ஓட்டத் தெரிந்தவர் திரைக் காக்கா ஒருவர்தான்.

எங்கள் சந்தில் அண்ணன் முறைக்காரர் எல்லாரும் காக்கா, அக்கா முறைக்காரி எல்லாரும் லாத்தா. இவர் தம் வாடகை மோட்டாரைச் சுற்றிப் பச்சைத் திரை கட்டியிருந்ததால் திரைக் காக்கா. எங்கள் வீட்டுப் பெண்கள் ரிக்‌ஷாவில் ஏறுவது கௌரவக் குறைச்சல். நடப்பது அதைவிட மோசம். கலியாணமாகி வந்த புதிதில் நான் பார்த்த வெளியுலகமெல்லாம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தத் திரை இடுக்கில் தெரிந்ததுதான்.

பெண்கள் இருக்கும் பக்கம் திரும்பிப் பார்ப்பது மரியாதை இல்லை என்பது அவர் கொள்கை. ஒரு முறை நாங்கள் ஏறுவதற்குள் கிளம்பிவிட்டார். கடற்கரைக்குப் போய், அரைமணி நேரம் காற்று வாங்க நிறுத்தி, ஆளில்லாத வண்டியைப் பத்திரமாக வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டார். வாசலிலேயே நின்றிருந்த என் மாமியார் வாடகையை எண்ணிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

அந்த மோட்டார் ஒருநாள் நின்றுபோயிற்று. பட்டறைக்காரச் சீனர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, துக்கம் கேட்க வந்தவர் மாதிரி தலையை ஆட்டினார்.

"சந்தை அடைச்சுக்கிட்டு நிக்குது. இரும்புக்குப் போட்டுடு தம்பி" என்றார் என் மாமனார்.

அது போனால் எங்கள் வெள்ளிக்கிழமையும் போயிற்று. அதைப் பற்றி எங்களை யாரும் கேட்கவில்லை. காக்கா மட்டும் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

அந்த வாரம் சீனர்களின் கொடி ஊர்வலம். காக்கா நாலு பேரை வைத்து வண்டியைப் பெரிய தெரு முனைக்குத் தள்ளிவிட்டு, கோட்டும் தொப்பியுமாக எங்கள் வாசலில் வந்து இருமினார்.

"வண்டி ரெடி. பொம்பளைங்க வரலாம்."

"ஓடாத வண்டியில எங்கே போறது?" என்றார் மாமனார்.

"போக வேண்டாம்லா. இன்னிக்கு ஊரே வருது. உக்காந்தா போதும்."

அதற்குள் மாமியார் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டார். முனை வரை நடப்பது நடையில் சேராது என்று அவரே சொன்னார்; நாங்களும் பின்னால் போய்த் திரைக்குள் ஏறினோம். பனைமர உயரக் கொடிக்கம்பத்தை நெற்றியில் தாங்கி ஒருவன் எங்களுக்கு நாலடி தள்ளி நடந்து போனான். நான் மூச்சு விடவில்லை. காக்கா கூட்டத்தைப் பார்த்து ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் வண்டி அந்த முனையில் நின்றது. காக்கா முன்னால் போய் எஞ்சினைக் கிளப்பும் கைப்பிடியை முறைப்படி சுற்றிவிட்டு வந்து ஸ்டீயரிங்கைப் பிடிப்பார். பழைய இரும்புக்காரன் தள்ளுவண்டியோடு வந்தபோது, "வண்டி சவாரியில இருக்கு, தெரியலையா?" என்று மலாயில் அதட்டி அனுப்பினார். எங்களிடம் வாடகை வாங்க மறுத்துவிட்டார். ஓடாத வண்டிக்கு வாங்கினால் ஹராமாம்.

அப்படியென்றால் எதை வைத்துச் சாப்பிடுகிறார் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. ஒருநாள் திரை இடுக்கில் மாமியார் பார்த்தார். கோட்டுக் காலருக்கு மேல் கழுத்தெல்லாம் தவிடு. சாக்கு உரசித் தோல் பெயர்ந்திருந்தது. எங்கள் கூடையைக்கூடத் தூக்க மாட்டேன் என்ற மனிதர், பகலில் அரிசிக் கிட்டங்கியில் மூட்டை சுமந்துகொண்டிருந்தார்.

"போதும் தம்பி" என்றார் மாமியார். "இரும்புக்காரனைக் கூப்பிட்டுக் குடுத்துடு. நாங்க வீட்டுலயே இருந்துக்குறோம்."

"வண்டி ஓட்டும்போது பேச்சுக் குடுக்காதீங்க, லாத்தா" என்றார் காக்கா. "கடல் வரப்போகுது. பாருங்க."

அந்த முனையிலிருந்து கடல் தெரியாது. அவர் சொன்னாரே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தோம்.