நான் பேஸ்பால் வீரனாக இருந்த முப்பத்தோரு நாள்

நான் சம்பளம் வாங்கிக்கொண்டு பேஸ்பால் ஆடியவன். சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. நம்புகிற மீதிப் பேர், "பெறகு என்னத்துக்கு லாரி ஓட்டுனீரு?" என்று கேட்கிறார்கள். அதற்குப் பதில்தான் இது.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது (நான்தான் அதைக் கைவிட்டேன் என்று பிள்ளைகளிடம் சொல்லிவைத்திருக்கிறேன்). மதுரையில் எச்சில் இலை எடுத்தேன். ஆந்திராவில் போர்வெல் போடும் வண்டியில் குழாய் சுமந்தேன். லாரியில் கிளீனராகப் பம்பாய் வரை போனேன். மஞ்சள் காமாலை வந்து கோவில்பட்டியில் திரும்ப இறங்கியபோது எண்பதுகள் பிறந்திருந்தன. என்னிடம் இருந்தது ஒரு போர்வை.

அந்தச் சமயத்தில் ஊருக்கு வெளியே ஒரு நூல் மில்லுக்கு மெட்ராஸிலிருந்து புது மானேஜர் வந்திருந்தார். அமெரிக்காவில் பயிற்சி முடித்தவர். அங்கிருந்து ஒரு கட்டையும் ஒரு டஜன் பந்தும் ஒன்பது தோல் கையுறைகளும் கொண்டுவந்திருந்தார். அவருடைய கணக்கு சுலபமானது. எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த எல்லாப் பயலும் ஹாக்கி ஆடுவான். ஆகையால் ஹாக்கியில் பேர் வாங்குவது கஷ்டம். யாருமே ஆடாத ஆட்டத்தை ஆடினால் முதலாளியிடம் சீக்கிரம் பேர் வாங்கிவிடலாம்.

மில்லின் ஹாக்கி டீமிலிருந்து எட்டுப் பேரைப் பிடித்துவிட்டார். ஒன்பதாவது ஆளாக, வேலை கேட்டு மில் வாசலில் நின்ற என்னைக் கூப்பிட்டார்.

"பேஸ்பால் தெரியுமா?"

"பம்பாயில ஆடிருக்கேன் சார்."

(பம்பாய் துறைமுகத்துப் பக்கம் கப்பல்காரர்கள் எதையோ அடித்துவிட்டு ஓடுவதை லாரி மேலே உட்கார்ந்து பத்து நிமிஷம் பார்த்திருக்கிறேன். பசித்தவன் வாயில் அது ஆடியதாகத்தான் வரும்.)

அன்றே தற்காலிகத் தொழிலாளியாகப் பேர் பதிந்தார்கள். ஒரு மாதம் ஆட்டம்தான் வேலை. மதுரைப் பக்கத்து மில் ஒன்றோடு போட்டி. "ஜெயித்தால் நீ பெர்மனென்ட். தோற்றால் வந்த வழியே போகலாம்" என்றார் மானேஜர். மூன்று வேளைச் சோறும் படுக்க ஓர் இடமும் சாகும்வரை நிச்சயம் என்று அந்த ஒரு சொல்லுக்கு நான் அர்த்தம் வைத்திருந்தேன்.

ஆட்டம் இதுதான். ஒருவன் பந்தை எறிவான், எதிரி கட்டையால் அடித்துவிட்டு, நான்கு மூலையில் போட்டிருக்கும் மூட்டைகளைத் தொட்டுக்கொண்டே ஓடிச் சுற்றி வரவேண்டும். ஓர் ஆள் சுற்றி வந்தால் ஒரு புள்ளி. அவன் மூட்டையைத் தொடும் முன்னால் நாம் பந்தை அங்கே சேர்த்துவிட்டால் அவன் அவுட். மூட்டைகளுக்குள் பருத்திக்கொட்டையை அடைத்து வைத்தோம். இரண்டாவது மூட்டையைப் பாதி ஆட்டத்தில் வெள்ளாடுகள் தின்றுவிட்டதால் பிறகு மண்ணை அடைத்தோம்.

நான் நின்றது இரண்டாவது மூட்டைக்கும் மூன்றாவது மூட்டைக்கும் நடுவில். தரையோடு வருகிற பந்தெல்லாம் அங்கேதான் வரும். பம்பாய் அனுபவஸ்தன் என்பதால் எனக்கு அந்த இடம். பந்து எறிபவன் சீனிச்சாமி, புதூர்ப் பக்கத்துக்காரன், என்னைவிட இரண்டு வயது மூத்தவன்.

போட்டி நாள் வந்தது. முதலாளி பந்தலுக்குக் கீழே நாற்காலியில். மில்லே சுற்றி நின்றது. கடைசிக் கட்டம். நாங்கள் ஏழு, அவர்கள் ஐந்து. இன்னும் ஒருவனை அவுட் ஆக்கினால் முடிந்தது. ஆனால் மூன்று மூட்டையிலும் அவர்கள் ஆள் ஓடத் தயாராக நிற்கிறான்.

சீனிச்சாமி எறிந்தான். மதுரைக்காரன் அடித்தான். பந்து தரையோடு நேராக என்னிடமே வந்தது. இதைவிடச் சுலபமான பந்து உலகத்தில் கிடையாது. எனக்கு முன்னால் கரிசல் வெடிப்பு ஒன்று இருந்தது. எத்தனை தண்ணீர் ஊற்றி உருளை உருட்டினாலும் மறுநாளே வாய் திறக்கும் மண் எங்களுடையது. வெடிப்பின் விளிம்பில் பட்டுத் திரும்பிய பந்து என் இடது காலில் மோதி, பக்கத்திலேயே சமர்த்தாகப் படுத்துக்கொண்டது.

குனிந்து எடுத்து எறிந்தால் நான் பெர்மனென்ட்.

நான் கையைத் தூக்கினேன்.

ஹாக்கியில் பந்து காலில் பட்டால் தப்பு; பட்டவனே கையைத் தூக்கி ஒப்புக்கொள்வது மரியாதை. அரைக்கால் சட்டை போட்ட நாளிலிருந்து வேலிக்கருவைக் கம்பை வைத்து ஆடிய கால் அது. கையைத் தூக்கியதோடு விட்டேனா? எதிரி ஃப்ரீ ஹிட் அடிக்கட்டும் என்று முறைப்படி திரும்பி ஐந்து கஜம் தள்ளிப் போய் நின்றேன். என் கையைப் பார்த்த மற்ற எட்டுப் பேரும் ஹாக்கிக்காரர்கள். அவர்களும் ஆளுக்கு ஐந்து கஜம் விலகி, கோலைக் காக்க வரிசையாக நின்றார்கள். கோலே இல்லாத மைதானத்தில்.

பந்து தனியாகக் கிடந்தது. மதுரைக்காரர்கள் நான்கு பேரும் ஒருவர் பின் ஒருவராகச் சுற்றி வந்தார்கள். கடைசி ஆள் நடந்தே வந்தான். அவர்கள் ஒன்பது, நாங்கள் ஏழு.

நடுவர் என்னிடம் வந்தார். "என்னத்துக்குய்யா கையத் தூக்கிட்டு நிக்கீரு?"

"கால்ல பட்டுட்டு சார்."

"பட்டா படட்டும். எடுத்து எறிய வேண்டியதுதான?"

அப்போதுதான் சீனிச்சாமிக்கு உயிர் வந்தது. "ஏலே, கூறுகெட்ட பயலே! எவன் கேட்டான்னு கையத் தூக்குன?"

"நீங்களும்தான அண்ணே தள்ளிப் போய் நின்னீய?"

"நீ தூக்குனா நாங்க என்னலே நெனப்போம்? பம்பாயில அப்படித்தான்னு நெனச்சோம்!"

முதலாளி எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். மானேஜர் என்னையே பார்த்தார். "பம்பாயில் எந்த டீமுக்கு ஆடினே?"

"லாரிக்கு மேல இருந்து பாத்தேன் சார்."

அன்று சாயங்காலமே தீப்பெட்டி லோடு ஏற்றிய லாரியில் நாக்பூருக்குக் கிளம்பினேன். காலில் மில் கொடுத்த கேன்வாஸ் ஷூ. திருப்பிக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

நாலைந்து வருஷம் கழித்து சாத்தூரில் டயர் மாற்றிக்கொண்டிருந்தபோது சீனிச்சாமி பின்னால் வந்து முதுகில் அறைந்தான். அதற்குள் நான் டிரைவர். சாப்பிட வாலே என்று ஊருக்கு இழுத்துப்போனான். அவன் தங்கச்சிக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தார்கள். அவன் அப்பா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மகனிடம் விசாரித்தார். நிலம் இருக்கா? இல்லை. வீடு? இல்லை. படிப்பு? எட்டு. வேறு சொல்ல ஒன்றுமில்லாமல் சீனிச்சாமி அந்த ஆட்டத்தைச் சொன்னான்.

"விசில் ஊதுனாவளா?"

"ஊதல."

"ஒருத்தனும் கேக்கல?"

"கேக்கல."

"பொறவு இவரா கையத் தூக்குனாராக்கும்?"

"ஆமா. வேலையும் போச்சு."

கிழவர் சிரித்துச் சிரித்து இருமினார். இருமி முடித்துவிட்டு, "பொண்ணைக் குடுக்கலாம்ல" என்றார். (பம்பாய்ப் பொய்யை என் மச்சான் அவரிடம் சொல்லவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.)

இன்றைக்கும் எங்கள் வீட்டில் பால் பொங்கி வழிந்தால், கண்ணாடி டம்ளர் உடைந்தால், மூன்று பிள்ளைகளும் எதையும் தொடாமல் ஐந்து கஜம் தள்ளிப் போய் வரிசையாக நின்றுகொள்கிறார்கள். அடுப்பங்கரையிலிருந்து என் மனைவி, "கையத் தூக்கியாச்சா?" என்று கேட்கிறாள். பாதி நேரம் உடைத்தது நானாக இருக்காது. ஆனாலும் கை தானாக மேலே போய்விடுகிறது.